சொறியாதே என்று சொல்வதற்கு முன்

“கையை எடு. சும்மா சொறிந்துகொண்டே இருந்தால் பாடம் எப்படி மண்டையில் ஏறும்?”

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பார்த்து நான் சொன்னது இது. மார்கழி மாதத்தின் முதல் பாடவேளை. தருமபுரி மாவட்டத்தின் உட்கிராமங்களில் அந்த மாதம் காலை எட்டு மணிக்கும் குளிர் விடாது. பிள்ளைகள் சுவெட்டரும் கம்பளிக் குல்லாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் மட்டும் சுவெட்டரைக் கழற்றிவிட்டு முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டிருந்தாள். நான் அதட்டியதும் கையை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டாள். சற்று நேரத்தில் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து, “டீச்சர், இவளுக்குச் சொறி. எனக்கும் ஒட்டிக்கும். நான் இடம் மாறி உட்காரட்டுமா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் செய்தது என்ன தெரியுமா? கேட்டவளை விட்டுவிட்டு, அந்த மாணவியைத் தனியாகக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தேன்.

இருபது ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல் என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். அப்படிப்பட்ட நான்தான், ஒட்டாத ஒரு நோய்க்காக ஒரு குழந்தையை ஒதுக்கி வைத்தேன். அடுத்த வாரம் மூன்று நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய அம்மா வந்தார்.

“ராத்திரி பூரா சொறிஞ்சிக்கிட்டே இருக்கா டீச்சர். விடிகாலையிலதான் கண் அசர்றா. எழுப்பினா அழறா. இஸ்கூலுக்குப் போனா எல்லாரும் சொறின்னு கூப்பிடறாங்கன்னு போக மாட்டேங்கறா.”

முதல் பாடவேளையில் அவள் தூங்கி வழிவதைச் சோம்பல் என்றும், கை உயர்த்தாமல் இருப்பதைப் பதில் தெரியாமை என்றும் நினைத்திருந்தேன். தூங்காத குழந்தைக்குப் பகலில் தூக்கம் வரத்தான் செய்யும். கையை உயர்த்தினால் முழங்கை மடிப்பு தெரியும் என்பதால்தான் அவள் பதில் சொல்லாமல் இருந்தாள். அன்று முதல் இந்த நோயைப் பற்றி மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். உங்கள் வகுப்பிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கலாம்.

இது என்ன நோய்?

மருத்துவர்கள் இதனை அடோபிக் டெர்மடைட்டிஸ் என்கிறார்கள். எக்சிமா என்பது பொதுவாக வழங்கும் பெயர். நம் ஊர்ப் பெரியவர்கள் கரப்பான் என்பார்கள். இது நீண்ட நாள் இருக்கும் தோல் அழற்சி. சில வாரங்கள் அடங்கி இருக்கும், பிறகு கிளம்பும், மீண்டும் அடங்கும். பெரும்பாலோருக்கு ஐந்து வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. உலகின் பல நாடுகளில் குழந்தைகளில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. நம் நாட்டில் அதைவிடக் குறைவு. வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும், சிலருக்கு மட்டும் பெரியவர்கள் ஆன பிறகும் தொடரும்.

இந்நோய் உள்ள குழந்தைக்கோ குடும்பத்தில் வேறு யாருக்கோ ஆஸ்துமாவோ, ஓயாத தும்மலும் மூக்கொழுகலுமாக வரும் ஒவ்வாமையோ இருப்பதும் உண்டு. அந்த மாணவியின் அப்பாவுக்கு இளைப்பு உண்டு என்பது பிறகு தெரிந்தது.

மேல்தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். தோல் செல்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்புப் பொருள் கலவை. சுவர் நன்றாக இருந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாது, வெளியே இருக்கும் தூசியும் சோப்பும் கிருமியும் உள்ளே நுழையா. எக்சிமா உள்ளவர்களுக்கு இந்தக் கலவை உதிர்ந்த சுவர்போலத் தோல் இருக்கிறது. ஈரம் வெளியேறித் தோல் வறண்டுபோகிறது. எரிச்சலூட்டும் பொருள்கள் உள்ளே நுழைகின்றன. உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு அவற்றை எதிர்க்கக் கிளம்ப, அழற்சியும் அரிப்பும் உண்டாகின்றன.

இந்தச் சுவரை உறுதியாக்கும் புரதங்களில் ஒன்று ஃபிலாக்ரின். அதனை உருவாக்கும் மரபணுவில் உள்ள குறைக்கும் எக்சிமாவுக்கும் தொடர்பு இருப்பதை, ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று செய்த ஆய்வு 2006இல் வெளிப்படுத்தியது. எல்லா நோயாளிகளுக்கும் இந்தக் குறை இருப்பதில்லை. ஆனாலும் இது அழுக்கால் வரும் நோயோ, குளிக்காததால் வரும் நோயோ அல்ல என்பது தெளிவாகிவிட்டது.

அரிப்பும் சொறிதலும் ஒரு சுழல். அரித்தால் சொறிகிறோம். சொறிந்தால் சுவர் இன்னும் உடைகிறது. உடைந்தால் அழற்சி கூடி மேலும் அரிக்கிறது. நாள்பட்ட இடத்தில் தோல் தடித்துக் கருத்துச் சொரசொரப்பாகிவிடும். இந்தச் சுழலில் சிக்கிய குழந்தையிடம் “சொறியாதே” என்பது, இருமுகிற குழந்தையிடம் “இருமாதே” என்பது போன்றதுதான்.

நம் பிள்ளைகளின் தோலில் எப்படித் தெரியும்?

புத்தகப் படங்களில் எக்சிமா பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். அந்தப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. மாநிறமும் கறுப்புமான தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. கருமையாகவோ, சாம்பல் பூத்தாற்போலவோ, சிறு சிறு பொரிகளாகவோ தெரியும். பள்ளி வயதில் முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய இடங்களில் அதிகம் வரும். கைக்குழந்தைகளுக்குக் கன்னத்தில் வருவது வழக்கம்.

சில பிள்ளைகளின் கன்னத்தில் வெளுத்த, மங்கலான திட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். “வயிற்றில் பூச்சி இருக்கிறது” என்றோ “சுண்ணாம்புச் சத்து குறைவு” என்றோ சொல்லிவிடுகிறோம். இவற்றில் பல, வறண்ட தோலில் தோன்றும் லேசான எக்சிமா வகையைச் சேர்ந்தவை. பூச்சி மருந்தால் இவை போவதில்லை.

ஒட்டுவது எது, ஒட்டாதது எது?

நோயைக் கண்டறிவது நம் வேலை அல்ல. ஆனால் யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், யாரைத் தேவையில்லாமல் ஒதுக்கக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

எக்சிமா: ஒட்டாது. மடிப்புகளில் வரும். பல மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ வந்து வந்து போகும். தோல் பொதுவாகவே வறண்டிருக்கும்.

சிரங்கு: கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு சிற்றுண்ணியால் வருவது. ஒட்டும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் பொரிகள் இருக்கும். இரவில் அரிப்பு கடுமையாகும். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிப்பு இருப்பது முக்கிய அடையாளம். மருத்துவர் தரும் மருந்தை வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும். ஒருவருக்கு மட்டும் பூசினால் திரும்ப வரும். முறையாகப் பூசிய பிறகும் அரிப்பு அடங்கச் சில வாரங்கள் ஆகலாம்.

படர்தாமரை: பூஞ்சையால் வருவது. ஒட்டும். வட்டமாகப் பரவும், ஓரம் தடித்து நடுப்பகுதி சற்றுத் தெளிந்திருக்கும். துண்டையும் உடையையும் பகிர்ந்துகொள்வதால் பரவும்.

உணர்ச்சியற்ற தேமல்: அரிக்காது, வலிக்காது, தொட்டாலும் தெரியாது. இது தொழுநோயாக இருக்கலாம். அரிப்பு இல்லையே என்று விட்டுவிடக் கூடாது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கிறது, முற்றிலும் குணமாகும்.

ஒட்டக்கூடிய நோய் என்றாலும் சிகிச்சைக்கு அனுப்புவதுதான் வழி. அவமானப்படுத்துவதால் எந்த நோயும் குறைந்ததில்லை.

களிம்பும் மருந்துக் கடையும்

அம்மா தம் பையிலிருந்து நசுங்கிய ஒரு களிம்புக் குழாயை எடுத்துக் காட்டினார். மருந்துக் கடையில் கேட்டு வாங்கியது. பூசினால் இரண்டு நாளில் அடங்குமாம், நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகக் கிளம்புமாம். எட்டு மாதமாக இப்படியே ஓடியிருக்கிறது. வீரியமான ஸ்டீராய்டோடு பூஞ்சைக் கொல்லியும் நுண்ணுயிர்க் கொல்லியும் சேர்ந்த கலவைக் களிம்பு அது.

இப்படிப்பட்ட களிம்பைக் கணக்கில்லாமல் பூசினால் தோல் மெலியும், வரி விழும், நிறம் வெளுக்கும். இருப்பது படர்தாமரையாக இருந்தால், மேலுக்கு அடங்கியதுபோல் காட்டி உள்ளுக்குள் பரவவிடும். பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியைக் கடுமையாக்கியது. ஆனாலும் “அரிப்புக்கு ஒரு களிம்பு கொடுங்க” என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடம் போகவில்லை. ஆசிரியர்களாகிய நாமும் அப்படி வாங்குகிறோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாவட்டத் தலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு ஒரு சனிக்கிழமை அவர்களோடு நானும் போனேன். ஸ்டீராய்டு என்றதும் அம்மா பயந்தார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். “கத்தி சமையலுக்கும் உதவும், கையையும் அறுக்கும். எந்த வீரியம், எந்த இடம், எத்தனை நாள் என்று அளவோடு பூசினால் இதுதான் நல்ல மருந்து. பயந்து பாதியில் விட்டாலும் தவறு, பிடித்துப்போய் நிறுத்தாமல் பூசினாலும் தவறு.”

அவர் சொல்லித் தந்த அளவுமுறை ஓர் ஆசிரியையாக எனக்கு மிகவும் பிடித்தது. பெரியவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை ஒரு கோடாகக் களிம்பைப் பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு, அதாவது விரல்களோடு சேர்ந்த இரண்டு கை அளவு பரப்புக்கு அது போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் இந்தக் கணக்கு புரியும்.

தினமும் செய்ய வேண்டியது

களிம்பு நோய் கிளம்பும் நாள்களுக்கு. தினமும் வேண்டியது ஈரப்பதம் காக்கும் பூச்சு. உடைந்த சுவருக்கு அன்றாடம் பூசும் சாந்து அது.

அந்த வீட்டில் அரிப்புக்குச் சுடுதண்ணீர் நல்லது என்று விறகடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்து, பீர்க்கங்கூட்டால் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். சுடுநீர் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், ஆனால் தோலில் மிச்சமிருக்கும் எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். தேய்ப்பது சொறிவதற்குச் சமம். மருத்துவர் சொன்னபடி மாற்றினார்கள். வெதுவெதுப்பான நீரில் ஐந்து முதல் பத்து நிமிடக் குளியல், காரம் குறைந்த சோப்பு, அதையும் தேவையான இடத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுப்பது. ஈரம் முழுதும் காய்வதற்குள், இரண்டு மூன்று நிமிடத்துக்குள், உடல் முழுவதும் பூச்சு. படுக்கும்போது இன்னொரு முறை.

விலை உயர்ந்த பூச்சுதான் வேண்டும் என்பதில்லை. மணம் சேர்க்காத வெள்ளைப் பாரஃபின் களிம்பு போதும். சுத்தமான தேங்காய் எண்ணெயும் பலருக்கு உதவுகிறது. தாராளமாகப் பூசுவதும் விடாமல் பூசுவதும்தான் முக்கியம். பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் பயன் இல்லை. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் புண்ணான தோலில் பூசினால் சிலருக்கு எரிச்சல் கூடிவிடும். அந்த மாணவிக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது.

மஞ்சள் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல், திடீரென வலியோடு கிளம்பும் கொப்புளங்கள் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சொறிந்த இடத்தில் கிருமி புகுந்ததற்கான அடையாளம் அது.

முட்டை சாப்பிடலாமா?

கத்தரிக்காய், கருவாடு போன்றவற்றைக் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வீட்டில் இந்த இரண்டோடு பாலையும் முட்டையையும் நிறுத்தியிருந்தார்கள். சத்துணவில் தினமும் தரும் முட்டையைப் பக்கத்தில் இருப்பவளுக்குக் கொடுத்துவிடுவாள். பிடிக்கவில்லை போலும் என்று நானும் கேட்காமல் விட்டிருந்தேன். மெலிந்த குழந்தை இன்னும் மெலிந்தாள்.

சில குழந்தைகளுக்கு, குறிப்பாக எக்சிமா கடுமையாக உள்ள கைக்குழந்தைகளுக்கு, உணவு ஒவ்வாமை உண்மையிலேயே இருக்கலாம். ஆனால் அதை ஊகத்தால் முடிவு செய்யக் கூடாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கியதா, உடல் தடித்ததா, வாந்தி வந்ததா என்று மருத்துவர் கேட்டார். எதுவும் இல்லை. “முட்டை கொடுங்கள். வளர்கிற பிள்ளை” என்றார். அடுத்த திங்கட்கிழமை அவள் முட்டையை உரித்துச் சாப்பிடுவதைப் பார்த்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

1. இடம்: வெயில் நேராக விழும் சன்னலோரமும், சுண்ணக்கட்டித் தூசி படியும் கரும்பலகை ஓரமும் வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், எப்போதும்போல் நண்பர்களோடு உட்காரட்டும்.

2. உடை: வியர்வையும் கம்பளியும் அரிப்பைத் தூண்டும். கம்பளிக்கு உள்ளே பருத்திச் சட்டை போடச் சொல்லலாம். புதிய விலையில்லாச் சீருடையை ஒருமுறை துவைத்து, சோப்பு போக நன்றாக அலசிவிட்டு அணியச் சொல்லலாம். முழுக்கை சட்டை கேட்டால் மறுக்க வேண்டாம்.

3. விளையாட்டு: தடுக்க வேண்டாம். முடிந்ததும் வியர்வையைக் கழுவி ஒற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் கொடுத்தால் போதும்.

4. கைகழுவுதல்: சத்துணவுக்கு முன் சோப்பு போட்டுக் கழுவட்டும். பின்னர் கொஞ்சம் பூச்சு தடவிக்கொள்ள அனுமதியுங்கள். அதற்கான சிறு டப்பா புத்தகப் பையில் இருக்கட்டும்.

5. சொறியும்போது: அதட்டாமல் கைக்கு வேலை கொடுங்கள். நோட்டுகளை எடுத்துவரச் சொல்லலாம், கரும்பலகையில் எழுதச் சொல்லலாம். சொறிவதற்குப் பதில் ஈரத்துணியால் ஒற்றவோ உள்ளங்கையால் அழுத்தவோ பழக்கலாம். நகம் குட்டையாக இருக்கட்டும்.

6. தூக்கம்: அரிப்புக்குத் தரும் சில மாத்திரைகளும் பகலில் தூக்கத்தைத் தரும். முதல் பாடவேளையில் கண் அயர்ந்தால் காரணம் கேட்ட பிறகே கண்டியுங்கள். தேர்வு நாள்களின் பதற்றத்தில் நோய் கிளம்புவதும் உண்டு.

7. மருத்துவக் குழு: ஆர்.பி.எஸ்.கே. என்று நாம் சொல்லும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013இல் தொடங்கியது. அதன் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிகளுக்கு வருகிறது. குழு பரிசோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சிரங்கு, பூஞ்சை நோய், எக்சிமா ஆகியவையும் உள்ளன. வரும் நாளுக்கு முன்பே அரிப்பு உள்ள பிள்ளைகளின் பெயரைக் குறித்து வைத்து, மறக்காமல் காட்டுங்கள்.

ஓர் உருளைக்கிழங்குப் பாடம்

“இவளுக்கு ஒட்டாத நோய்” என்று வகுப்பில் அறிவித்தால் அதுவும் அவளை அடையாளம் காட்டுவதுதான். எனவே அவள் பெயரைச் சொல்லாமல் தோல் பற்றிய பாடத்தைச் செய்முறையாக நடத்தினேன். ஒரே அளவில் இரண்டு உருளைக்கிழங்குத் துண்டுகள். ஒன்றின் மேல் பாரஃபின் களிம்பைப் பூசினோம், மற்றொன்றை அப்படியே வைத்தோம். மறுநாள் பூசாத துண்டு சுருங்கி வளைந்திருந்தது. பூசிய துண்டு அவ்வளவாகச் சுருங்கவில்லை. தோலில் சுவர் எதற்கு, சுவர் உடைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகளே சொன்னார்கள். “பக்கத்தில் இருக்கும் துண்டுக்கு இந்தச் சுருக்கம் ஒட்டிக்கொண்டதா?” என்று கேட்டேன். “இல்லை டீச்சர்” என்றது வகுப்பு.

பாடம் முடிந்த பிறகு, யாரும் கேட்காமலே அந்த மாணவி எழுந்தாள். “எனக்கு இருக்கிறதும் அதுதான். எனக்குச் சுவர் கொஞ்சம் உடைஞ்சிருக்கு” என்றாள். இடம் மாற்றிக் கேட்ட பெண் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். மறுநாள் அவர்கள் இருவரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். நான் எதுவும் சொல்லவில்லை.

அன்று மாலை அவளைத் தனியே அழைத்து, “உன்னைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பியது என் தவறும்மா” என்றேன். பதில் சொல்லத் தெரியாமல் சிரித்தாள். ஒரு குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ஆசிரியப் பயிற்சியில் பாடம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவள் என்னிடம் வந்து, “இன்னிக்கு ரொம்ப அரிக்குது டீச்சர்” என்று சொல்லத் தொடங்கினாள்.

அடுத்த மார்கழியில் நோய் மறுபடி கிளம்பியது. இது ஒரே மருந்தில் போய்விடும் நோய் அல்ல. ஆனால் இந்த முறை என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கும் தெரிந்திருந்தது, அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. இரண்டு வாரத்தில் அடங்கியது. அந்த மாதம் அவள் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறாள். கேள்வி கேட்டால் முதலில் உயரும் கைகளில் அவளுடையதும் ஒன்று. முழங்கை மடிப்பில் கருமை இன்னும் இருக்கிறது. அதை அவள் மறைப்பதில்லை.

நாளைக் காலை வருகைப் பதிவேட்டைத் திறக்கும்போது, அடிக்கடி விடுப்பு எடுக்கும் பிள்ளை யார், முழுக்கை சட்டையை மடிக்காத பிள்ளை யார் என்று ஒருமுறை பாருங்கள். பிறகு அருகே அழைத்து, “ராத்திரி தூங்கினாயா?” என்று கேளுங்கள்.